வடச்சட்டி பழகும் வரை

நவம்பர் 3

ஹீமோகுளோபின் 7.9. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

டாக்டர் ஹேமமாலினி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரத்தத்த வெச்சுக்கிட்டு எப்படிங்க டீச்சர் மூணு மாடி ஏறி கிளாஸ் எடுக்கறீங்க?" என்றார். வேதியியல் ஆய்வகம் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு சீட்டு எழுதினார். ஒன்று இரும்புச் சத்து மாத்திரைக்கு. மற்றது ஸ்கேனுக்கு. ஸ்கேன் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம்.

மகள் சம்யுக்தாவுக்கு மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று மாலையில் என் கணவர் கேட்டார்.

"ரத்தம் கம்மியாம். மாத்திரை குடுத்திருக்காங்க."

இது பொய் இல்லை.

நவம்பர் 8

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டாம் பாடவேளையில் வகுப்பை விட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே.

நவம்பர் 12

சம்யுக்தாவின் பள்ளியில் மருத்துவ முகாம். அவளுக்கு 10.1. வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "கிளாஸ்ல பாதிப் பேருக்கு இப்படித்தாம்மா, விடு" என்றாள்.

உயிரியல் எடுக்கும் ரெஜினாவிடம் ஓய்வறையில் சொன்னேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்ற அளவுக்குத்தான்.

"நான்ஸ்டிக்க மூட்டை கட்டுங்க டீச்சர். வார்ப்பிரும்புச் சட்டில சமைங்க. தக்காளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்பு பட்டா கொஞ்சம் இரும்பு கொழம்புல எறங்கும். ஆனா எவ்வளவு எறங்குது, எவ்வளவு ஒடம்புல ஒட்டுதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. அது மருந்தில்ல, சட்டி."

அமிலமும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பவள் நான். வீட்டில் எல்லாம் அலுமினியம்.

நவம்பர் 15

கோபி சந்தைக்குப் போனேன். வார்ப்பிரும்பு வாணலி ஒன்று, எங்கள் பேச்சில் வடச்சட்டி. தோசைக்கல் ஒன்று. வடச்சட்டி மட்டும் மூன்றரைக் கிலோ. கடைக்கார அம்மா அதைத் தராசிலிருந்து ஒரு கையால் எடுத்து என் கையில் வைத்தார். நான் கிட்டத்தட்டக் கீழே போட்டுவிட்டேன்.

"பாத்துங்க்கா! இது வார்ப்பு. கீழ விழுந்தா மண்பானையாட்ட ரெண்டா ஒடைஞ்சுரும். தூக்க முடியலீன்னா வீட்டுக்காரரக் கூட்டீட்டு வந்திருக்கோணும்."

"அவருக்கு டூட்டிங்க."

"அப்பறம் அவருக்கு எதுக்குச் சோறு ஆக்கறீங்க?"

பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மாவே ஆட்டோ வரைக்கும் தூக்கிவந்தார். வழிநெடுக எப்படிப் பழக்குவது என்று சொன்னார். சோப்பு ஆகாது. மூன்று நாள் வடிகஞ்சியில் ஊற வேண்டும், தினமும் கஞ்சியை மாற்ற வேண்டும். பிறகு நல்லெண்ணெய் தடவி, புகை வரச் சுட வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் தடவ வேண்டும். "அவசரப்பட்டீங்கன்னா அது ஒங்களப் பழக்கீரும்."

நவம்பர் 16

மீந்துபோன ஆய்வகப் பதிவேடு ஒன்றை எடுத்து இதையெல்லாம் எழுதி வருகிறேன். வலப்பக்கம் நாட்குறிப்பு. இடப்பக்கம் வெள்ளைத் தாளில் கட்டம் போட்டிருக்கிறேன்: தேதி, பண்டம், புளிப்பு, அடுப்பில் இருந்த நிமிடம், எலுமிச்சை உண்டா, தேநீர் எப்போது, ஹீமோகுளோபின். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கிடையாது. பட்டியல் ஒழுங்காக இருக்கிறது.

நவம்பர் 19

கஞ்சி மூன்றாம் நாள் கலங்கலாகச் சாம்பல் நிறத்தில் வந்தது. கழுவி, துணியால் ஒற்றி, அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டினேன். நல்லெண்ணெயைத் தடவிவிட்டு, தடவவே இல்லை என்பதுபோல் துடைத்தேன். அதிகம் இருந்தால் பிசுபிசுப்பாக நின்றுவிடும். ஐந்து முறை சுட்டேன். கடைசியில் ஒரு பெரிய வெங்காயத்தைப் போட்டுக் கருகும்வரை வதக்கிக் கொட்டினேன். சட்டி மங்கலான கறுப்பில் மினுங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 21

அவசரப்பட்டுவிட்டேன். மூன்றாம் நாளே புளிக்குழம்பு வைத்தேன். இருபத்தைந்து நிமிடம் கொதிக்க விட்டு, சட்டியிலேயே வைத்திருந்தேன். குழம்பு கறுப்பு. ஆணியை நக்கிய ருசி.

அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம் பூங்கொடி, இதக் குடிச்சுப்போட்டு நானே கம்பமா நின்னுக்கறேன், மின்வாரியத்துல கம்பத்துக்குத் தட்டுப்பாடு" என்றார்.

சம்யுக்தா தட்டைத் தள்ளினாள். நான் முழுவதும் சாப்பிட்டேன்.

புளியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட எழுதும் மைதான். மையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேராது. சட்டியில் எண்ணெய்ப் படலமும் போய்விட்டது. மறுபடியும் கஞ்சியிலிருந்து தொடங்க வேண்டும். புதுச் சட்டியில் ஒரு மாதத்துக்குப் புளிப்பே கூடாது, எண்ணெயில் வதக்குவதும் பொரிப்பதும் மட்டும்தான். பிறகும் வெந்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நவம்பர் 27

சட்டியை நான் இல்லாதபோது அவர் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறார். உதவி செய்ததாக நினைப்பு. மாலையில் வந்து பார்த்தால் அடி முழுக்கச் செந்துரு. கல்லுப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தேன். பாதியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

டிசம்பர் 2

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஏன் என்று பார்த்தால், கையிலிருந்த சாக்பீஸில் பாதி இல்லை. பேசிக்கொண்டே வாயில் போட்டிருக்கிறேன். கால்சியம் சல்பேட். கேடில்லை. கொஞ்ச நாளாக மேசை டிராயரில் ஒரு டப்பா தனியாக வைத்திருக்கிறேன், எழுதுவதற்கு.

டிசம்பர் 6

8.3!

ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பெண்ணிடம் இரண்டு முறை கேட்டேன். இரும்புச் சட்டியில் கீரை கடைசல், பச்சைப்பயிறு, முருங்கைக்கீரைப் பொரியல், எல்லாவற்றிலும் தட்டில் வைத்தபின் எலுமிச்சை. ஒரு மாதத்தில் 0.4. இந்தக் கணக்கில் போனால் ஏப்ரலுக்குள் பத்தைத் தொடலாம். டாக்டர் முன் தலைநிமிர்ந்து நின்று காட்டலாம்.

மாத்திரையை நவம்பர் 20 வரை போட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். அந்தக் கட்டம் பட்டியலில் இல்லை.

டிசம்பர் 13

கருநீலச் சேலை. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. அதற்கு இஸ்திரி தேவையில்லை.

ஸ்கூட்டர் இருக்கையில் பழைய துண்டை மடித்துப் போட்டிருக்கிறேன். வெயிலுக்குச் சூடாகிறது.

டிசம்பர் 20

தோசைக்கல் பழகிவிட்டது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு ஊற்றினால் விளிம்பு தானே எழுந்துகொள்கிறது. சம்யுக்தா ஏழு தோசை சாப்பிட்டாள்.

"இந்தத் தோசைக்காக நான் பெயிலானாக்கூடப் பரவால்லம்மா."

"பெயிலாகிப் பாரு, கல்லத் தூக்கித் தலைல போடறேன்."

"தூக்கு பாக்கலாம்."

தூக்கவில்லை.

ஜனவரி 5

7.7.

ஜனவரி 6

வேறு பரிசோதனை நிலையத்தில் 7.6. நேற்றையது பிழையோ என்று பார்த்தேன். இரண்டும் சேர்ந்து பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஆறு நாள் இரும்புச் சட்டி இல்லை. அதுவாகத்தான் இருக்கும். பட்டியலில் அந்த ஆறு நாளைச் சிவப்பில் குறித்தேன்.

ஜனவரி 11

இப்போது தக்காளித் தொக்கு தினமும். சட்டி தாங்குகிறது. வெந்ததும் எவர்சில்வருக்கு மாற்றி, சூடு இருக்கும்போதே வெந்நீர் விட்டு நார் போட்டுத் தேய்த்து, அடுப்பில் உலர்த்தி எண்ணெய் தடவி வைக்கிறேன். நான்கு நிமிட வேலை. ஒரு நாளும் தவறவில்லை.

ஒரு பொருளை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டது நினைவில்லை.

ஜனவரி 19

பதினொன்றாம் வகுப்பு கிருத்திகாவின் பதிவேட்டில் மூன்று அளவீடும் 19.8, 19.8, 19.8. மூன்று முறையும் அப்படியே வருமா என்று கேட்டேன். "மொதத் தடவ 21 வந்துச்சுங்க மிஸ். தப்பா இருக்கும்னு எழுதலைங்க" என்றாள். வந்ததை எழுது, வர வேண்டியதை எழுதாதே என்று சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே. அழுதுவிட்டாள்.

ஜனவரி 30

இன்று இரண்டாவது மாடிக்கு மூன்று இடங்களில் நின்று ஏறினேன். அறிவிப்புப் பலகைகளைப் படிப்பதுபோல் நின்றேன். எல்லாம் போன வருடத்து அறிவிப்புகள்.

பிப்ரவரி 9

செய்முறைத் தேர்வு. பாதியில் ஆய்வகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது ரெஜினா என் முதுகைப் பிடித்திருந்தாள். வெயில் என்றேன். "பிப்ரவரிலயா?" என்றாள். அவளுக்கு ஸ்கேன் சீட்டைப் பற்றித் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அக்கா கோமதிக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதினார்கள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 13

சம்யுக்தாவின் பள்ளியில் இரண்டாவது முகாம். அவளுக்கு 11.9!

பட்டியலின் அடியில் எழுதி இரண்டு கோடு போட்டேன். சட்டி வேலை செய்கிறது.

பிப்ரவரி 15

ஞாயிறு. குளித்துவிட்டு வந்தபோது இந்தப் பதிவேடு சம்யுக்தாவின் கையில் இருந்தது. நல்லவேளை, இடப்பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன்.

"இது என்னம்மா, எக்ஸ்பெரிமென்ட்டா?"

"சமையல் குறிப்பு."

"சமையல் குறிப்புல யாரு நிமிஷக் கணக்கெல்லாம் எழுதறா? சரி, இதச் சொல்லு. நான் 10.1ல இருந்து 11.9. நீ 7.9ல இருந்து 7.6. ஒரே சட்டி, ஒரே கடைசல், ஒரே எலுமிச்சம்பழம். எனக்கு ஏறுது. உனக்கு எதுக்கு எறங்குது?"

"உனக்கு ஸ்கூல்ல மாத்திரை குடுத்தாங்கல்ல?"

உள்ளே போய் ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தாள். ஒன்றுகூடப் பிரிக்காத மாத்திரைப் பட்டைகள்.

"வாடை புடிக்கல. திட்டறதுன்னா அப்பறமாத் திட்டிக்க. எனக்கு ஏறுனது சட்டியாலயா, எலுமிச்சையாலயா, இல்ல மூணு மாசமா நீ தட்டுல திணிச்ச கீரையாலயா, அது தெரியாது. ஒரு ஆள வெச்சுச் சொல்ல முடியாதுன்னு நீதான சொல்லுவ. ஆனா நீ திங்கறதும் அதேதான். அப்ப உள்ள போறதுல கொறை இல்ல. உனக்கு வெளிய போகுது. எங்கம்மா போகுது?"

நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்ரூம்ல நீ மூடி வெக்கற பக்கெட்ட நகத்தி வெச்சுட்டுத்தான் நான் குளிக்கறேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மாசத்துல எத்தன நாளு?"

"பதிமூணு. பதினாலு."

"இந்த நோட்டுல அதுக்கு எதுக்கு ஒரு கட்டம் இல்ல?"

மூன்று மாதத்தில் நாற்பத்தொன்பது எலுமிச்சம்பழங்கள் வாங்கியிருக்கிறேன். அது பட்டியலில் இருக்கிறது. என் சொந்த மகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டு மாதிரியாக வைத்து ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. நடத்தியவளுக்குத் தெரியவில்லை, மாதிரி கண்டுபிடித்துவிட்டது.

"பரிட்சை முடியட்டும், சாமி. ஏப்ரல்ல போலாம்."

"நாளைக்கு."

"உனக்கு மாடல் டெஸ்ட் இருக்குது."

"எனக்குத்தான இருக்குது? உனக்கில்லையே."

பிப்ரவரி 16

6.6.

அவர் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். டாக்டர் ஹேமமாலினி பழைய தாளைப் புரட்டிப் பார்த்தார். "நவம்பர்லயே ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தனே டீச்சர்?"

பக்கத்தில் இருந்த என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டாக்டரின் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இரும்புச் சட்டில சமைக்கறனுங்க" என்றேன். எனக்கே கேட்க எப்படியோ இருந்தது.

"நல்லதுதாங்க. நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுல கொறையிருந்தா அது கொஞ்சம் கை கொடுக்கலாம். ஆனா மாசத்துல பாதி நாள் ரத்தம் போறவங்களுக்குச் சட்டி எப்படிங்க ஈடு கட்டும்?"

ஸ்கேனில் கட்டி தெரிந்தது, மூன்று. துளி சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் இரண்டு யூனிட் ரத்தம், பிறகு நரம்பு வழியாக இரும்பு. அதன்பின் அறுவை சிகிச்சை.

வண்டியை எடுக்கப்போன இடத்தில்தான் அவர் பேசினார். இருபத்தாறு வருடமாக மின்கம்பத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர்.

"கம்பத்துல ஏறப்போறவங்கிட்ட லைன்ல கரண்ட் இல்லீன்னு பொய் சொன்னா அவன் செத்துப்போவான். நீ என்னன்னா, உனக்கு நீயே சொல்லீட்டு ஏறியிருக்கற."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பிப்ரவரி 17

எழுத வேண்டியதில்லை என்று எழுதியதை எழுதுகிறேன். கோமதி அக்கா ஸ்கேன் எடுத்தது ஜூன் மாதம். அடுத்த ஜனவரியில் அக்கா உயிரோடு இல்லை. அப்போது சம்யுக்தாவுக்கு மூன்று வயது. கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். அந்தச் சீட்டு எழுதப்படாமல் இருந்திருந்தால் அக்கா இருந்திருப்பாள் என்று இத்தனை வருடம் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். முதுநிலைப் பட்டம் வாங்கியவள்.

இடப்பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். நவம்பரிலிருந்து நினைவில் இருந்த வரைக்கும் நாட்களை நிரப்பினேன். கட்டம் போதவில்லை.

பிப்ரவரி 21

இரண்டாவது யூனிட் ஏறியது. யாருடைய ரத்தமோ. கை சூடாக இருக்கிறது. சாக்பீஸ் தின்ன வேண்டும் என்ற நினைவு வரவில்லை.

மார்ச் 2

முதல் தேர்வு, தமிழ். சம்யுக்தா என் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டுப் போனாள். நான் அவளுக்கு வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 6

அறுவைக்குத் தேதி கேட்கப் போனோம். மூவரும். சதைப் பரிசோதனை முடிவு ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வருமாம். கெட்டதாக இருந்தால் அன்றே கோயம்புத்தூருக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டாம் தேதி இங்கேயே அறுவை.

ஒன்பதாம் தேதி வேதியியல் தேர்வு.

"ரிசல்ட்ட பத்தாந்தேதி வாங்கிக்கலாங்களா டாக்டர்?" என்றேன். "பாப்பாவுக்கு அன்னிக்குத்தான்..."

டாக்டர் பதில் சொல்லுமுன் சம்யுக்தா சொன்னாள்: "டாக்டர், பரிட்சை எழுதப்போறது நான். இவங்க வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறாங்க? எனக்குப் பதிலா சமன்பாட்ட பேலன்ஸ் பண்ணுவாங்களா?"

வெளியே வந்ததும் என்னைச் சுவர் ஓரமாக நிறுத்தினாள். என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். எப்போது வளர்ந்தாள்?

"பத்து மணிக்கு நான் உள்ள போயிருவேன். ஒண்ணே காலுக்கு வெளிய வருவேன். வந்ததும் நீ சொல்லோணும். அப்பா இல்ல, நீ. அழாம இருக்கறதுக்காக நல்ல மாதிரி மாத்திச் சொன்னீன்னா எனக்குத் தெரிஞ்சுரும்."

மார்ச் 9

கடைசி இரும்பு மருந்து இன்று. பாட்டிலில் கரும்பழுப்பாக, வெல்லப்பாகு போல இருக்கிறது. சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம். பத்தேகாலுக்கு அவர் உறையை வாங்கிக்கொண்டு வந்து என் வயிற்றின் மேல் வைத்தார். பிரிக்கவில்லை.

"நீயே பாரு. எனக்குக் கை வரலை."

இடக்கையில் ஊசி. வலக்கையால் கிழித்தேன். முதலில் கடைசி வரியைப் படித்தேன், பிறகு முதலிலிருந்து. பிறகு மறுபடியும் கடைசி வரி. தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய், வெளியே இருந்த மின்மாற்றியைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

சம்யுக்தா ஒன்றேமுக்காலுக்கு வந்தாள். பள்ளிச் சீருடையில், ஓடிவந்த மூச்சோடு, கையில் வினாத்தாள் சுருட்டியிருந்தது. எனக்கு அந்த வினாத்தாளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி என்ன வந்தது?

அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நீ."

"சாதாரணக் கட்டிதான். கேன்சர் இல்லை. பன்னண்டாந்தேதி எடுத்துருவாங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். தாளைக் கேட்கவில்லை.

"முழுசாச் சொல்லு" என்றாள்.

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். போன வருடம் ஏப்ரலில் வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது முதன்முதலாக ரத்தம் அதிகம் போவது தெரிந்ததிலிருந்து தொடங்கி, அவளுடைய பெரியம்மாவைப் பற்றியும் சேர்த்து, ஒரு நாள் விடாமல் சொன்னேன்.